குடமும் ஆரக்காலும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழுக்கு முன்னால் எங்கள் அப்பாவின் வண்டிப் பட்டறையைப் பற்றி எழுதியபோது, விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக் கிராமங்களிலும் (1837 முதல் 1901 வரை) இதே மாதிரிப் பட்டறைகள் இருந்தன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ரொம்ப சந்தோஷம். ரயில் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். வழக்கம்போல் எழுதியவர் பெயர் இல்லாமல் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

"தாத்தா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் கிராமம்னா எவ்ளோ பெருசு? அங்க யார் யார் இருப்பாங்க? கூலி எவ்ளோ?" (மாணவி, வியாசர்பாடி)

கண்ணு, உன் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உள்ள ஜனத்தை எண்ணிப் பார். அங்கே ஒரு முழு ஊருக்கே அவ்வளவு பேர்தான். முந்நூறு, நானூறு பேர் இருந்தால் சாதாரணக் கிராமம். நடுவில் கல்லால் கட்டிய சர்ச், பக்கத்திலேயே பாதிரியார் வீடு, கொஞ்சம் தள்ளி மரங்களுக்குள் நிலச்சுவான்தாரின் மாளிகை. நாலைந்து பெரிய பண்ணைகள். ஒரு மளிகைக் கடை, ஒரு பியர் கடை. மீதியெல்லாம் கூலிக்காரர்களின் சின்னச் சின்ன வீடுகள். மாடியில் ஒரு அறையோ இரண்டு அறையோ இருக்கும், அதில் எட்டுப் பத்துப் பேர் படுப்பார்கள்.

யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அருமையான வழி ஒன்று இருக்கிறது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் கையெழுத்துப் பக்கங்களை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1841 கணக்கில் ஆள் ஆளாகப் பெயர் எழுதினார்கள். 1851-லிருந்து சரியான வயது, குடும்பத் தலைவருக்கு என்ன முறை, எந்த ஊரில் பிறந்தவர் என்பது வரைக்கும் இருக்கும். ஒரு கிராமத்துப் பக்கத்தை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் தொழில் கட்டத்தில் "அக். லேப்.", "அக். லேப்." என்று வந்துகொண்டே இருக்கும். அக்ரிகல்ச்சுரல் லேபரர், அதாவது விவசாயக் கூலி. அத்தனை பேர் இருந்ததால் சுருக்கி எழுதிக்கொள்ளலாம் என்றே விட்டுவிட்டார்கள்.

அந்த வரிசைக்கு நடுவில் வேறு ஒரு தொழில் வரும்போதுதான் ஊர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கொல்லர் ஒருவர், அவரிடம் தங்கித் தொழில் பழகும் பையன் ஒருவன். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். செருப்பு தைப்பவர், அநேகமாக இரண்டு பேர். தையல்காரர், மாவு மில்காரர், கூரை வேய்பவர், இடையர், சேணம் தைப்பவர். ஒரே ஆள் இரண்டு தொழில் பார்ப்பதும் உண்டு: பியர் கடைக்காரரே கொல்லராக இருப்பார், தச்சரே சவப்பெட்டியும் செய்து அடக்கத்தையும் நடத்திக் கொடுப்பார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ சந்தை ஊருக்கு வண்டி கட்டுகிறவர் ஒருவர் இருப்பார். ஆளை ஏற்றிக்கொண்டு போவார், முட்டைக் கூடையைக் கொண்டுபோய் விற்றுக் கொடுப்பார், பக்கத்து வீட்டம்மாவுக்கு நூலும் மருந்தும் வாங்கி வருவார்.

கூலி விவரமும் கேட்டிருந்தாய். ஜேம்ஸ் கெயர்டு என்பவர் 1850-51-ல் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிக் கணக்கெடுத்தார். தெற்கு மாவட்டங்களில் வாரக் கூலி சராசரியாக 8 ஷில்லிங் 5 பென்ஸ், வடக்கில் 11 ஷில்லிங் 6 பென்ஸ். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்.) வடக்கே சுரங்கமும் மில்லும் ஆள் தேடிக்கொண்டிருந்ததால் பண்ணைக்காரரும் கூட்டிக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. அதே 1851 கணக்கில்தான் நாட்டில் நகரவாசிகள் முதல்முறையாகப் பாதிக்கு மேல் ஆனார்கள். நீ கேட்கிற கிராமம், ஆட்கள் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்த கிராமம் என்பதை மனசில் வைத்துக்கொள்.

"அண்ணே, நான் மீன்பாடி வண்டி கட்டுற பட்டறை வெச்சிருக்கேன். எங்க தாத்தா மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா காய்ச்சிப் போடுவாரு. வெள்ளைக்காரன் ஊர்லயும் அப்படித்தானா?" (வாசகர், காசிமேடு)

தம்பி, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதே மாதிரிதான். அதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

எங்கள் பட்டறை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம். சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டுக்கும் துறைமுகத்துக்கும் போகிற வண்டிகள் எல்லாம் அங்கே வந்து நிற்கும். பட்டா, அதாவது சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையம், போடுகிற நாள் என்றால் விடியும் முன்பே அப்பா தரையில் வட்டமாக வறட்டி அடுக்கிவிடுவார். அதன் மேல் இரும்பு வளையம், அதற்கு மேல் இன்னொரு வரிசை வறட்டி. வளையம் சிவந்து வந்ததும் மூன்று பேர் மூன்று பக்கம் குறடு போட்டுத் தூக்கி, படுக்கவைத்த சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த நொடியில் சம்மட்டி அடி விழவேண்டும், உடனே தண்ணீர் ஊற்றவேண்டும். தண்ணீர்க் குடம் தூக்குகிற வேலை என்னுடையது. இரும்பு சுருங்கச் சுருங்க, ஆரக்கால் ஒவ்வொன்றும் சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்துக்குள் இறுகி 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சரியாகக் கேட்டால்தான் அப்பா நிமிர்ந்து நிற்பார்.

இங்கிலாந்துக் கிராமத்தில் இதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்கிற வேலை அது. அவர்கள் சக்கரத்தைப் படுக்கவைக்க, பட்டறை வாசலில் வட்டமான கனத்த இரும்புத் தகடு ஒன்றைத் தரையில் பதித்திருப்பார்கள். நடுவில் குடம் உட்கார ஓட்டை. சக்கரத்தைக் கவிழ்த்து அதில் திருகி இறுக்கிவிட்டு வளையத்தை இறக்குவார்கள். அளவெடுக்க அப்பா கயிறு பிடிப்பார். அங்கே கைப்பிடி வைத்த சின்ன இரும்புச் சில்லு ஒன்றைச் சக்கரத்தின் விளிம்பில் உருட்டி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்வார்கள். அதே சில்லை இரும்புப் பட்டையின் மேல் உருட்டி, சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்து வெட்டுவார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் தொழில் இருக்கிறது. அதிகம் குறைத்தால் ஆரக்கால் நெளிந்துவிடும், குறைக்காமல் விட்டால் ஒரே கோடையில் பட்டா கழன்று தெருவில் ஓடும்.

மரத் தேர்வைப் பார்த்து நான் அசந்துபோனேன். அப்பா கருவேலமும் வாகையும் வைத்து முடித்துவிடுவார். அவர்கள் ஒரு சக்கரத்துக்கு மூன்று மரம் வைத்தார்கள். குடத்துக்கு எல்ம். அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், சுற்றிலும் பன்னிரண்டு துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக். அதையும் ரம்பத்தால் அறுக்காமல் நார் போகிற வாக்கில் பிளந்து எடுப்பார்கள். பாரம் நேராக இறங்கும்போது நார் அறுபடாமல் தாங்கவேண்டும் அல்லவா? வெளிவட்டையின் துண்டுகளுக்கு ஆஷ் மரம். கல்லில் மோதும் அதிர்ச்சியை வளைந்து கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஒரு துண்டுக்கு இரண்டு ஆரக்கால், ஆக ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு. நம்ம கணக்கேதான்.

இன்னொன்று. அவர்கள் சக்கரம் தட்டையாக இருக்காது, ஆழமில்லாத தட்டு மாதிரி கொஞ்சம் குழிந்திருக்கும். குதிரை அடி வைத்து நடக்கும்போது பாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குடம் பக்கவாட்டில் இடிபடும். தட்டைச் சக்கரமாக இருந்தால் சீக்கிரமே ஆரக்கால் ஆட்டம் கண்டுவிடும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் யாருமில்லை, தலைமுறை தலைமுறையாக உடைந்த சக்கரங்களைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு.

மரம் வாங்கினால் உடனே வேலைக்கு எடுக்கமாட்டார்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பது அவர்கள் வாய்க்கணக்கு. அப்பன் வாங்கி அடுக்கிய மரத்தை மகன் எடுத்து இழைத்ததும் உண்டு. அடிமரத்தை அறுக்க ஆளுயரத்துக்கு ஒரு குழி. மேலே ஒருத்தர் நின்று ரம்பத்தைக் கோடு தவறாமல் பிடிப்பார். கீழே நிற்பவர் நாள் பூராவும் இழுக்கவேண்டும், அறுபடும் தூளெல்லாம் அவர் கண்ணிலும் கழுத்திலும் கொட்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த சக்கரத்துக்குக் காசு எப்போது வரும் தெரியுமா? பண்ணைக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குத் தீர்ப்பார். எங்கள் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் வராமலே போன பாக்கி எத்தனையோ.

"பக்கிங்காம் கால்வாய் ஓரத்துலதான் பொறந்து வளர்ந்தேன். அந்தப் பேர்ல அங்க ஊர் இருக்கா? அங்க என்ன தொழில்?" (வாசகி, கொருக்குப்பேட்டை)

இருக்கிறது, தங்கச்சி. நம்ம கால்வாய்க்கு அந்தப் பெயர் 1875 முதல் 1880 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவால் வந்தது. எண்ணூருக்குப் போகிற வடபகுதியை 1806-லேயே வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த துண்டு 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்துக் கிடந்த ஜனத்துக்கு நிவாரண வேலையாகக் கொடுத்து வெட்டியது. அந்தப் பிரபுவின் பட்டத்தில் இருக்கிற பக்கிங்காம்ஷைர் லண்டனுக்கு வடமேற்கே உள்ள மாவட்டம்.

அங்கே இரண்டு தொழில் பேர்பெற்றவை. ஒன்று, ஹை விக்கம் ஊரைச் சுற்றியிருக்கிற பீச் மரக் காடுகளில் நாற்காலிக்கால் கடைசல். காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, வளைந்து கொடுக்கும் இளமரக் கம்பு ஒன்றில் கயிறு கட்டி, காலால் மிதித்து ஓட்டும் கடைசல் பட்டறை. கால்களைக் கடைந்து கட்டாக ஊருக்கு அனுப்புவார்கள், நாற்காலி அங்கே முழுசாகும்.

இன்னொன்று பெண்கள் செய்த லேஸ். மடியில் வைக்கோல் திணித்த தலையணை, அதில் குண்டூசிகள், நூல் சுற்றிய மெல்லிய கட்டைகள் ஐம்பது அறுபது. அந்தக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிப் போட்டால் பூ விழும். ஐந்து ஆறு வயசுச் சின்னப் பெண்களைக்கூட லேஸ் பள்ளிக்கூடம் என்ற பெயரில் உட்காரவைத்தார்கள். படிப்பு கொஞ்சம், வேலை நிறைய. குளிர்கால ராத்திரியில் எல்லோருக்கும் சேர்த்து நடுவில் ஒரே ஒரு மெழுகுவத்தி. அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள் நிற்கும். ஒவ்வொரு குடுவையும் வெளிச்சத்தைக் குவித்து ஒருத்தியின் தலையணை மேல் ஒரு பொட்டாக விழவைக்கும். அந்தப் பொட்டில்தான் அவள் வேலை செய்யவேண்டும். கொருக்குப்பேட்டையில் கரண்ட் போன ராத்திரிகளில் ஒரே அரிக்கேன் விளக்கில் நாலு பிள்ளைகள் படித்த வீட்டில் வளர்ந்தவன் நான். இதை எப்போது நினைத்தாலும் அந்தப் பெண்களின் கண் ஞாபகம் வந்துவிடும்.

1840-ல் விக்டோரியா ராணியின் கல்யாண உடுப்புக்கு வைத்த லேஸ், டெவன் மாவட்டத்தில் பீர் என்ற கடலோரச் சிற்றூர்ப் பெண்கள் செய்தது. சுமார் 200 பேர் வேலை செய்தார்கள். ராணி அதை அணிந்தது அந்தத் தொழிலுக்குப் பெரிய கைதூக்கல். ஆனால் நாட்டிங்காம் மில்களில் மெஷின் லேஸ் ஏற்கெனவே மலிவாக ஓடிக்கொண்டிருந்தது. கைவேலைக்காரியின் கூலி வருஷா வருஷம் இறங்கியது.

"துணி வெளுக்கிறவங்க அங்க உண்டா?" (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

உண்டு. அங்கே அது பெரும்பாலும் பெண்களின் தொழில், அதிலும் விதவைகள் எடுத்த தொழில். திங்கட்கிழமை சலவை நாள். பெரிய செப்புக் கொப்பரையில் வெந்நீர் கொதிக்கும். துவைத்த துணியைப் பிழிந்து மடிப்பு எடுக்க மாங்கிள் என்று இரண்டு மர உருளைகள் வைத்த யந்திரம். வீட்டுக்காரர் இறந்து பிள்ளைகளோடு ஒருத்தி நின்றுவிட்டால், ஊரார் காசு போட்டு அவளுக்கு ஒரு மாங்கிள் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் இருந்தது. வாசலில் பலகை மாட்டிவிட்டு அவள் பிழைத்துக்கொள்வாள். நம்ம பேட்டையில் இஸ்திரி வண்டி வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அங்க சாதி இருந்துச்சா இல்லையா? நேராச் சொல்லுங்க." (வாசகர், புளியந்தோப்பு)

நேராகவே சொல்கிறேன். தொட்டால் தீட்டு, இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது, இந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்பது அங்கே இல்லை. கொல்லரும் கூலிக்காரரும் ஒரே பியர் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள். இந்த வித்தியாசம் சின்னது அல்ல. இதை மூடி மறைத்து "எல்லா ஊரும் ஒன்றுதான்" என்று எழுத எனக்கு மனசு வராது.

ஸ்மித், ரைட், டர்னர், கார்ட்டர், தாட்சர் என்று நாம் கேள்விப்படுகிற வெள்ளைக்காரப் பெயர்களெல்லாம் ஒரு காலத்தில் தொழில் பெயர்கள். கொல்லர், தச்சர், கடைசல்காரர், வண்டிக்காரர், கூரை வேய்பவர். விக்டோரியா காலத்துக்குள் அந்தப் பெயருக்கும் தொழிலுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஸ்மித் என்பவர் ரொட்டி சுடுவார், பேக்கர் என்பவர் லாடம் அடிப்பார்.

மேல் கீழ் இருந்தது, கடுமையாகவே இருந்தது. நிலச்சுவான்தாருக்கும் பாதிரியாருக்கும் சர்ச்சில் தனி இடம், கூலிக்காரருக்குப் பின்னால் பெஞ்ச். பெரிய வீட்டு வண்டி போனால் ஆண்கள் தொப்பியைத் தொடவேண்டும், பெண்கள் முழங்கால் மடித்து வணங்கவேண்டும். குடியிருக்கிற வீடே பல இடங்களில் பண்ணைக்காரருடையது. வேலை போனால் அதோடு வீடும் போகும். கொல்லரிடம் பையனைத் தொழிலுக்கு விட ஏழு வருஷ ஒப்பந்தமும் முன்பணமும் கேட்பார்கள். வாரம் 9 ஷில்லிங் வாங்குகிற அப்பன் எங்கே போவான்? பிறப்பு கதவைச் சாத்தவில்லை, பணம் சாத்தியது. கூலிக்காரருக்கு ஓட்டு கிடைத்ததே 1884 சட்டத்தில்தான். அதுவும் ஆண்களுக்கு மட்டும்.

"என்ன சாப்பிட்டாங்க?" (வாசகி, தண்டையார்பேட்டை)

ரொட்டி, உருளைக்கிழங்கு, கொல்லைத் தோட்டத்து முட்டைக்கோஸ், டீ. வசதி உள்ள வீட்டில் பன்றி ஒன்று வளர்ப்பார்கள், வருஷம் முழுக்க உப்புக்கண்டம் அதுதான். இறைச்சித் துண்டு வேலைக்குப் போகிற ஆம்பளைக்குப் போகும், அம்மாவும் பிள்ளைகளும் ரொட்டியில் கொழுப்பைத் தடவிச் சாப்பிடுவார்கள்.

அறுவடை முடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் சிந்திய கதிர் பொறுக்கப் போவார்கள். வயலில் ஒரே ஒரு கட்டு நின்றால் இன்னும் உள்ளே வரக்கூடாது என்று அடையாளம். அதை எடுத்த பிறகுதான் அனுமதி. யாரும் முந்திக்கொள்ளக்கூடாது என்று பல ஊர்களில் காலையில் சர்ச் மணி அடித்துத் தொடங்குவார்கள், சாயங்காலம் மணி அடித்து நிறுத்துவார்கள். நல்ல வருஷத்தில் குளிர்காலத்துக்கு வேண்டிய மாவு அதிலேயே தேறும். அறுவடைக் காலத்தில் ஆண்களுக்குக் கிடைக்கிற கூடுதல் கூலி வீட்டு வாடகைக்கும் பூட்சுக்கும். ஆணி அடித்த கனமான பூட்ஸ் ஒரு ஜோடி ஒரு வாரக் கூலியைத் தின்றுவிடும். அது இல்லாமல் சேற்று வயலில் இறங்க முடியாது.

"வயசாகி உழைக்க முடியாதவங்களை யார் பார்த்துக்கிட்டாங்க?" (வாசகர், ராயபுரம்)

ஐயா, இதற்குப் பதில் எழுதக் கை கனக்கிறது.

1834-ல் வந்த ஏழைச் சட்டப்படி பல கிராமங்களைச் சேர்த்து ஒரு யூனியன், அந்த யூனியனுக்கு ஒரு 'ஒர்க்ஹவுஸ்'. கதியற்றவர்கள் அங்கே போகவேண்டும். வாசலில் நுழைந்ததும் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். சொந்தத் துணியை வாங்கி வைத்துக்கொண்டு சீருடை கொடுப்பார்கள். கல் உடைக்கும் வேலை. பழைய கப்பல் கயிற்றைக் கையால் பிரித்து நார் எடுக்கும் வேலை. காசிமேட்டில் மரப்படகின் பலகை இடுக்கில் நாரைத் திணித்துத் தார் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி நார்தான். தார் ஊறிக் கல்லாய் இறுகிய கயிற்றைப் பிரித்துப் பிரித்து விரல் நுனி கிழிந்துபோகும். ஐம்பது வருஷம் ஏர் ஓட்டிய கிழவருக்கு இது கடைசி வேலை. அங்கே இறந்து யாரும் கேட்டு வராவிட்டால், 1832 சட்டப்படி உடலை மருத்துவப் படிப்புக்கு அறுக்கக் கொடுக்கலாம். கிராமத்து ஜனம் சாவைவிட ஒர்க்ஹவுஸுக்குப் பயந்ததில் ஆச்சரியமில்லை.

நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியை என் அம்மா கடைசிவரை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொன்னார். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரமாகி, அதிலிருந்து வந்த ஆஸ்பத்திரி அது. 'கஞ்சித் தொட்டி' என்று சொல்லும்போது அம்மாவின் குரலில் நன்றி இருக்கும். அங்கே ஒரு கிழவி 'ஒர்க்ஹவுஸ்' என்று சொன்னால் குரல் இறங்கிவிடும். இரண்டும் ஏழைக்குச் சோறு போட்ட இடங்கள்தான், ஆனால் ஒன்று கையேந்தியவரைத் தண்டிக்கவில்லை.

விடிவு வந்தது 1909 ஜனவரி 1-ல், ராணி இறந்து எட்டு வருஷம் கழித்து. எழுபது வயசு தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும் ஓய்வூதியம். போஸ்ட் ஆபீஸில் போய் வாங்கிக்கொள்ளலாம், யாருடைய வாசலிலும் நிற்கவேண்டாம்.

"நாங்க பின்னி மில் குடும்பம். அங்கத்துக் கூலிக்காரங்க சங்கம் வெச்சாங்களா? அந்தக் கிராமங்க எப்படிக் காலியாச்சு?" (வாசகர், பெரம்பூர்)

வைத்தார்கள் தோழரே. வார்விக்ஷைர் மாவட்டத்தில் பார்ஃபோர்டு கிராமத்துக்காரர் ஜோசஃப் ஆர்ச். வேலி வெட்டுவதில் கைதேர்ந்த தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர். 1872 பிப்ரவரி 7-ஆம் தேதி ராத்திரி, வெல்ஸ்போர்ன் ஊரில் பெரிய செஸ்ட்நட் மரத்தடியில், பன்றி அறுக்கும் முக்காலி மேல் ஏறி நின்று பேசினார். அவரைக்கொடிக்கு ஊன்றும் கம்புகளில் லாந்தர் விளக்கைக் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில், இருட்டுக்குள் வயல் வழியாக நூற்றுக்கணக்கில் கூலிக்காரர்கள் வந்து நின்றார்கள். வாரம் 16 ஷில்லிங் கேட்டார்கள். அந்த வருஷமே தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவானது. இரண்டே வருஷத்தில் 80,000-க்கும் மேல் உறுப்பினர்கள். 1874-ல் கிழக்கு மாவட்டப் பண்ணைக்காரர்கள் கதவடைப்புச் செய்து சங்கத்தை ஒடுக்கினார்கள். ஆனால் 1885-ல் அதே ஜோசஃப் ஆர்ச் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

உங்கள் தாத்தா காலத்தில் 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மெட்ராஸ் லேபர் யூனியன் கண்டபோது, மில் கேட்டில் நின்ற நம்ம ஜனத்துக்கு இந்த மரத்தடிக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. பயம்தான் இரண்டு இடத்திலும் ஒன்று: நாளைக்கு வேலை இருக்குமா, வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா?

ஊர் காலியானதற்குச் சங்கம் காரணமில்லை. 1870-களிலிருந்து அமெரிக்கக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவாக வந்து இறங்கியது. 1879-ல் ஓயாத மழையில் பயிர் அழுகியது. 1894-ல் கோதுமை விலை குவார்ட்டருக்கு (அது அவர்களுடைய தானிய அளவு) 22 ஷில்லிங் 10 பென்ஸுக்கு விழுந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததில் பாதியும் இல்லை. உழுத நிலத்தைப் புல்லுக்கு விட்டார்கள். புல்லுக்கு ஏர்க்காரர் எதற்கு? துறைமுகங்களில் நீராவி மாவு மில்கள் வந்ததும் கிராமத்து நீர்ச்சக்கர மில் நின்றது. கூலிக்காரர் போனால் செருப்புத் தைப்பவரும் போகவேண்டியதுதான். லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மழை பொய்த்துத் தறி நின்று ஓலைப்பெட்டியோடு வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் வந்து இறங்கிய குடும்பங்களை நாம் அறிவோம், எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. பட்டணத்து ரயிலில் ஏறின அந்தச் சக்கரத் தச்சரை எனக்குத் தெரியும் என்றே தோன்றும்.

"அந்தப் பட்டறைகளோட அடையாளம் ஏதாச்சும் இன்னிக்கு இருக்கா ஐயா?" (வாசகர், திருவொற்றியூர்)

இருக்கிறது. என் மகள் அங்கே நர்ஸாக வேலை செய்கிறாள். போன வருஷம் ஆக்ஸ்போர்டு பக்கம் ஒரு கிராமத்தில் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பச்சைக் கதவு போட்ட பழைய வீட்டு வாசலில், புல்லுக்கு நடுவே வட்டமாய் ஒரு துருப்பிடித்த இரும்புத் தகடு, நடுவில் ஓட்டை. பழைய கிணற்று மூடி என்று தோழி சொல்லியிருக்கிறாள். என் மகள் குனிந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இல்லை, இங்கே குடம் உட்காரும்" என்றிருக்கிறாள். குறுக்கே கால் வைத்து அளந்தும் பார்த்தாளாம், அஞ்சரை அடி. படம் எடுத்து அனுப்பினாள். அதை அச்சுப் போட்டு, அப்பா படத்துக்குக் கீழே, அவருடைய குறடு மாட்டியிருக்கிற ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.